கதவுப் பக்கம் நின்ற வாசுகி

என் அன்பு மலர் மச்சாள்,

நீ கண்மூடி ஏழு மாதமாகிவிட்டது. உனக்குப் பிறகு நான் பழக்கிவரும் உன் இசை நாடகம் வருகிற சனிக்கிழமை பின்னேரம் வட்டுக்கோட்டையில் மேடையேறுகிறது. சந்தோசமாகச் சொல்லவேண்டிய செய்தி. ஆனால் அதற்கு முன் உன்னிடம் வேறொன்று சொல்லவேண்டும்.

தம்பிக்கு நஞ்சு வைத்து அவனுடைய மீன்பிடி வள்ளத்தை எடுத்துக்கொள்ளும் ஒரு சம்மாட்டியின், மீனவ முதலாளியின், கதை அது. கொலைக்குப் பிறகு சம்மாட்டியும் மனைவியும் ஒரு காதல் பாட்டுப் பாடுவார்கள். நீ அவர்களை மேடையின் இரண்டு ஓரங்களில் நிறுத்தியிருந்தாய். அவன் அவளைப் பார்த்துப் பாடுவான், அவள் கதவடியில் நின்று சனத்தைப் பார்த்துப் பாடுவாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது ஒரு வசனமும் இல்லாமலே விளங்கிவிடும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கொலையை மறைப்பவர்கள் ஒட்டிக்கொண்டுதானே நிற்பார்கள்? கதவை அவன் பக்கம் மாற்றி, இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னேன். சம்மாட்டியாக நடித்த குகன், மனைவியாக நடிக்கும் வாசுகியின் கழுத்தில் கையைப் போட்டார். நிஜத்திலும் அவருடைய மனைவிதானே. வாசுகிக்குக் குரல் வரவில்லை. அவளுக்காகக் குகன்தான் சிரித்தபடி மன்னிப்புக் கேட்டார். கையை மட்டும் எடுக்கவில்லை. மூன்று நாள் ஒத்திகையிலும் அப்படித்தான். நான் அவளைத்தான் ஏசினேன்.

பிறகு உன் ஒத்திகைக் கொப்பியைப் புரட்டினேன். எல்லா இடத்திலும் 'சம்மாட்டி', 'மனைவி' என்றே எழுதியிருக்கிறாய். அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும், 'வாசுகி கதவுப் பக்கம் நிற்கட்டும். குகன் குறுக்கே வரக்கூடாது' என்றிருந்தது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை, மலர்? உனக்கும் நிச்சயமில்லையா?

அடுத்த நாள் குகன் வருமுன் வாசுகியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவள் முதலில் வாசலைப் பார்த்தாள்.

"மலரக்காவும் ஒருக்கால் கேட்டவ. ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். அவ பிறகு கேக்கேல்லை," என்றாள். சட்டைக் கையை மெதுவாக மேலே இழுத்தாள். பழைய காயங்களுக்கு மேல் புதியவை. "வீட்டிலை கதவடியிலை அவர்தான் மறிச்சு நிப்பார், அக்கா. மேடையிலைதான் எனக்கு அந்த இடம் கிடைச்சது."

அன்றே அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். சம்மாட்டி வேடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். பாட்டை நீ வைத்தபடியே திருப்பி வைத்தேன். வாசுகியின் குரல் மண்டபத்தின் கடைசிவரை கேட்கிறது.

நேற்றைய ஒத்திகைக்குக் குகன் வந்தார். பின் கதிரையில் அமர்ந்து முழுவதையும் பார்த்தார். போகும்போது, "சனிக்கிழமை வாசுகி எந்தப் பக்கத்தாலை மேடைக்கு வருவா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

நாடகத்தை நிறுத்துவோமா என்று வாசுகியிடம் கேட்டேன். பாடத்தான் போகிறாளாம்.

பயமாகத்தான் இருக்கிறது, மலர். ஆனாலும் அவள் பாடி முடியும்வரை நான் மேடையின் பக்கத்தை விட்டு அசையமாட்டேன். இனி எந்தப் பெண் "ஒண்டும் இல்லை" என்று சொன்னாலும், இன்னொரு முறை கேட்பேன். உனக்கும் சேர்த்துக் கேட்பேன்.

உன் மச்சாள்,
தேவகி