தோளில் மாட்டிய கொழுந்துக் கூடை

கொழும்பு
12.6.1979

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளையே அதட்டி வைத்திருக்கும் என் அன்பு மனைவி சுகிர்தத்துக்கு அந்தோனிமுத்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் முழங்கால் வலியும் வாயும் எப்படி இருக்கின்றன?

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் இந்தச் சினிமாப் படம், ரேடியோவில் சின்னச் சின்னச் சிரிப்பு நாடகம் போடும் ஒரு குழு எப்படி உண்டானது என்ற கதை. முந்தாநாள் அவர்கள் மேடையில் போட்ட முதல் நாடகத்தைப் படம் பிடித்தார்கள். ஒரு நடிகர் கொழுந்து பறிக்கும் பெண் வேஷத்தில், கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காட்சி கெட்டுப்போனது.

"யாரது? வெளியே அனுப்புங்க!" என்று டைரக்டர் கத்தினார்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "ஐயா, கயிறு தலையில இருக்கணுங்க. இப்படிப் போனா எங்க பொம்பளைங்களே சிரிச்சு வெரட்டிருவாங்க" என்றேன்.

கூடையை வாங்கித் தலையில் மாட்டி, நீ கங்காணியை ஏசுவதுபோல் ஏசிக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்துவிட்டு, "இதையே வச்சுக்குவோம்" என்றார். இப்போது அந்த நடிகர் பேசுவதெல்லாம் உன் ஏச்சுத்தான். கங்காணியிடம் சொல்லிவிடாதே.

ஒரு உதவி. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கு இங்கே கிடைக்கவில்லை. உன் பழைய படங்கைப் பார்சலில் அனுப்பு. துவைக்காதே. படத்துக்கு அப்படித்தான் வேண்டும் என்று டைரக்டர் சொன்னார்.

பொய், அவர் அப்படிச் சொல்லவில்லை. கொழுந்து வாசம் படத்தில் தெரியாது, எனக்குத் தெரியும்.

தேத்தண்ணி கேட்டுக் கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

உன்
அந்தோனிமுத்து