நல்ல டயர் இரண்டும் பின்னால்

அன்பு மகன் யார்க்கோவுக்கு அம்மா எழுதுவது. நீ கனடாவில் இருமல் சளி ஏதும் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தங்கை மார்யுத்தும் இருக்கிறோம். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ரத்த அழுத்தம்கூட சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள், புருஷனைச் சவக்கிடங்கில் கிடத்திவிட்டு வந்தவளுக்கு எதற்கடி நல்ல ரத்த அழுத்தம் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன், பாவம் சின்னப் பெண், ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். இதை ஏன் போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்றால் போனில் நீ கத்துவாய், நான் அதற்கு மேல் கத்துவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும், போன வாரம் அதுதானே நடந்தது. எழுதி மார்யுத்திடம் கொடுக்கப்போகிறேன், அவள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். எடுக்கும்போது அவளும் படிப்பாள், படிக்கட்டும். வியாழக்கிழமை விமானம் ஏறுவதற்கு முன்னால் நீ கடைசி வரி வரைக்கும் படித்துவிட வேண்டும். பாதியில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படி.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். பாதிரியார் வந்து பேசிவிட்டுப் போனார், எண்பது பேருக்குக் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் சொல்லியிருக்கிறேன், சால்மன் சூப்பை மார்யுத் பார்த்துக்கொள்கிறாள். இந்த வருஷம் பனி அக்டோபரிலேயே வந்துவிட்டது, கூரையில் முழங்கால் உயரம் நிற்கிறது, நான்தான் ஏறித் தள்ளினேன், யாரையும் கூப்பிடவில்லை. வேட்டைக்காரர்கள் அப்பா பங்குக் கடமான் இறைச்சியை முன்பே கொடுத்துவிட்டார்கள். அந்த இறைச்சியை மார்யுத் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் அவர் அன்றைக்குக் கிளம்பினார், அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் வருகிறேன்.

நடந்ததை, எதிரே மரம் ஏற்றி வந்த லாரிக்காரன் நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னான். பட்டப்பகல், வெயில்கூட அடித்திருக்கிறது. "வண்டி நேராத்தாம்மா வந்துச்சு, வேகமும் இல்ல. பாலத்துல ஏறினதும் வால் மட்டும் தனியா கிளம்பிருச்சு. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள எனக்கு முன்னாடி குறுக்க கிடக்குது. எழுபது டன் மரம்மா பின்னாடி, நான் பிரேக்கு மேல ஏறியே நின்னேன்" என்று அழுதான். அந்தப் பாலத்தில் எப்போதும் காற்று பனியைப் பெருக்கித் தள்ளிவிட்டு அடியில் இருக்கும் ஐஸைக் கண்ணாடியாக்கி வைத்திருக்கும். மூக்கில் மாட்டிய நம் சின்னச் சிவப்புக் காரை லாரி எண்பது மீட்டர் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அப்பா பக்கத்துக் கதவு பக்கத்து இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. காரை வெட்டித்தான் அவரை எடுத்தார்கள். இறைச்சிப் பொட்டலங்கள் கிழிந்து பனி முழுக்கச் சிவப்பாகச் சிதறிக் கிடந்தனவாம், முதலில் ஓடிவந்தவர்களில் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்திருக்கிறான், கடமான் என்று அவனுக்கு எப்படித் தெரியும். நான் அடையாளம் காட்டப் போனபோது முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினார்கள். மறு பக்கத்தையும் காட்டு என்று துணியைப் பிடித்து இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. நீ பெட்டியைத் திறக்கச் சொல்லாதே, சொன்னால் உன்னை அறைவேன்.

முன் சக்கரம் இரண்டிலும் புது டயர், ஐஸைப் பிடிக்க டயரில் பதித்த ஆணியெல்லாம் பளபளவென்று இருக்கிறது, பின்னால் இரண்டும் தேய்ந்தவை, ஆணி பாதி உதிர்ந்திருக்கிறது, சட்டப்படி குற்றமில்லை, ஆனால் வால் வீசியது அதனால்தான் என்று போலீஸ்காரர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கொட்டகையில் தொங்கிய வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தெரோவின் டயர் கடைக்கு நடந்தே போனேன். இரண்டு கிலோமீட்டர், கையுறைகூட இல்லை, இரும்பு கையோடு ஒட்டிக்கொண்டது. அவன் குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். நீயும் அவனும் பத்து வருஷம் ஒரே அணியில் ஐஸ் ஹாக்கி ஆடியவர்கள், அவன் எத்தனை நாள் நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான், அதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. முதல் அடி தோளில். "கொன்னுட்டியேடா அவரை" என்று கத்தினேன். அவன் தடுக்கக் கையைத் தூக்கினான், இரண்டாவது அடியில் அந்தக் கை முறிந்தது, சுள்ளி உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. மூன்றாவது வாயில். பல் இரண்டு தரையில் விழுந்தது. அவன் ஒரு தடவைகூட என்னைத் தள்ளவில்லை. "மண்டையில மட்டும் வேணாம்மா, எனக்குப் புள்ளைங்க இருக்கு" என்று ரத்தத்தோடு சொன்னான். நான் அவனை விட்டுவிட்டு கடையின் முன்பக்கக் கண்ணாடியை உடைத்தேன், காப்பி இயந்திரத்தை உடைத்தேன், உடைக்க வேறு ஒன்றும் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள், ஒருவர்கூட என்னைப் பிடிக்கவில்லை, ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. யாரோ போனை எடுத்ததற்கு, "போலீஸ் வேணாம், நான் வண்டிக்கு அடியில வேலை பார்க்கிற பள்ளத்துல வழுக்கி விழுந்தேன்" என்றான் தெரோ. ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து, தெரோ டயரை மாற்றிப் போட்டு உன் அப்பாவைக் கொன்றுவிட்டான், நான் அவன் கையை உடைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். போனை வைத்ததும் நீ எனக்கு என்ன எழுதி அனுப்பினாய்? "இன்னொரு கையை எனக்கு மிச்சம் வைங்கம்மா, அப்பாவைப் புதைக்கிற அன்னிக்கே அவனையும் ஒரு குழியில தள்ளுறேன்." நீ சொன்னால் செய்வாய். நான் பெற்ற பிள்ளைதானே நீ, கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்டோபரில் முதல் பனி விழுந்த மறுநாள் நான்தான் காரை எடுத்துக்கொண்டு தெரோ கடைக்குப் போனேன், அப்பா வரவில்லை. பழைய நாலில் இரண்டு போதும், இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும், இரண்டு மட்டும் புதிது வாங்குவோம் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவன் புதிது இரண்டையும் பின்னால் மாட்டிவிட்டான். மாட்டி முடித்து ஜாக்கியை இறக்கியும்விட்டான், யார்க்கோ. நான் பார்த்துவிட்டுக் கத்தினேன். அவன் பொறுமையாகத்தான் சொன்னான், "முன்னாடி புதுசு போட்டா வண்டி நல்லா கிளம்பும்மா, மேடெல்லாம் ஏறும், ஓட்டுறவருக்குத் தைரியம் வந்துரும். வளைவுலயோ பாலத்துலயோ ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்பக்கம் சொல்லாம கொள்ளாம கிளம்பிரும். சின்ன வண்டி, பின்னாடி எடையே கிடையாது. நல்லது ரெண்டும் பின்னாடிதான் இருக்கணும்." நான் விட்டேனா. "இழுக்கிறது எந்தச் சக்கரம்டா? முன்னாடி. திருப்புறது? முன்னாடி. பின்னாடி ரெண்டும் சும்மா கூட வருது. நீ அரைஞாணோட திரிஞ்சப்பவே நான் பனியில வண்டி ஓட்டினவ, எனக்குச் சொல்லித்தர வந்துட்டான்" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அவன் "நான் மாத்த மாட்டேம்மா" என்றான். நான் அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி நானே குனிந்தேன், இந்த வயதில் இவளைக் கழற்ற விடுவதா என்று வெட்கப்பட்டுத்தான் அவன் திரும்ப வாங்கி, பின்னால் இருந்ததைக் கழற்றி முன்னால் மாட்டினான். கடையில் அன்றைக்குச் சிரித்தவர்களில் இரண்டு பேர் நான் அவனை அடித்த நாளிலும் அங்கே இருந்தார்கள். ஊருக்கே தெரியும், உனக்கும் மார்யுத்துக்கும்தான் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பாதியை மறைத்தால் மறுபடி அதுவே பொய்யாகிவிடும். நவம்பரில் அப்பா மூன்று தடவை என்னிடம் சொன்னார், "ரைலி, பின்பக்கம் கொஞ்சம் அலையுது" என்று. "அலையறது வண்டி இல்ல தைஸ்தோ, உன் கைதான்" என்றேன். நாலாவது தடவை அவர் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான், நான் கத்தினால் போதும், வெளியே போய் விறகை அடுக்க ஆரம்பித்துவிடுவார். நாற்பத்தோரு வருஷமும் அப்படியே அடுக்கினார். இப்போது கொட்டகையில் கூரை வரைக்கும் விறகு இருக்கிறது, அதைப் பார்க்கும்போது என்னை நானே அந்த ஸ்பேனரால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தெரோவை அடிக்கும்போது இதெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது என்று நினைக்காதே. முதல் அடி விழும்போதே எனக்குத் தெரியும். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அக்டோபரில் நடந்ததைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன், அது என் காதில் விழக் கூடாது என்றுதான் வாயில் அடித்தேன்.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவன் மனைவி என்னைத் தள்ளிய தள்ளில் படியில் விழுந்து இடுப்பில் கன்றிப்போயிருக்கிறது, அவளைக் குறை சொல்ல மாட்டேன். "யாரு வேணும்? மிச்சம் இருக்கிற பல்லையும் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். தெரோ எழுந்து வந்தான், வலது கையில் மாவுக்கட்டு, பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அடக்கம் முடிந்து திங்கட்கிழமை போலீஸிடம் போய் நான் செய்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன், "அது உங்க இஷ்டம்" என்றான். யார்க்கோ உன் மேல் கொலைவெறியோடு வருகிறான், அவனுக்கு எழுதப்போகிறேன் என்றேன். "எல்லாத்தையுமா?" என்று கேட்டான். எல்லாத்தையும் என்றேன். அப்புறம்தான் கேட்டேன், பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும், உன்னை அப்பாவுக்குப் பிடிக்கும், நீ வருவாயா என்று. வருகிறேன் என்றான்.

உனக்குத் தெரியும், கோயிலிலிருந்து கல்லறைக்குப் போகும் பாதை ஏரிப் பக்கம் இறங்கும், மணல் போட்டாலும் நிற்காது. அதனால் நான், "உனக்குக் கை சரியில்ல, நீ முன்னாடி நில்லு, பாதையைப் பார்த்து நட, பின்னாடி வர்றவங்க சும்மா கூட வந்தா போதும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவன் தலையை ஆட்டினான். "இல்லம்மா. இறக்கத்துல பின்னாடி ஆள் சறுக்கினா பெட்டி குறுக்க திரும்பிரும். என் இடது கை நல்லாத்தான் இருக்கு. நான் பின்னாடி நிக்கிறேன்" என்றான். இந்தத் தடவை நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, யார்க்கோ. சரிப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கறுப்புக் கோட்டு எடுத்துக்கொள், அடியில் ஆணி உள்ள பூட்ஸ் இங்கே அப்பாவுடையது இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம். விமான நிலையத்தில் வாடகைக் காரை வாங்கும்போது வெட்கப்படாமல் குனிந்து நாலு டயரையும் பார், பின்னால் இருப்பவை தேய்ந்திருந்தால் எடுக்காதே. வீட்டுக்கு வந்ததும் என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு, அடிக்க வேண்டுமானால் அடி, நான் கையைத் தூக்கித் தடுக்க மாட்டேன். ஆனால் சனிக்கிழமை பெட்டிக்கு நீயும் பின்னால்தான் நிற்கிறாய், இடது பக்கம், தெரோவுக்கு நேர் எதிரே. அவன் கை தளர்ந்தால் தாங்கிக்கொள்ள பக்கத்தில் நீதான் இருப்பாய்.

உன் அம்மா
ரைலி