பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு கேரியர்

என் செல்விக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். அடுப்படியில் நீ தண்ணீர்க்குடம் வைத்திருந்த இரும்பு ஸ்டாண்டை அறுத்துவிட்டேன். திட்டாதே. நம் பழைய பைக் வண்டிக்குக் கேரியர் செய்யக் கம்பி வேண்டியிருந்தது.

வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் சந்தைக்குச் சின்ன வெங்காயம் கொண்டுபோவதென்றால் ஒரு மூட்டை டேங்கின் மேல், இன்னொன்று உன் மடியில். நீ போன பிறகு நான் சந்தைக்கே போகவில்லை. கொட்டகையில் வெங்காயம் முளைவிட ஆரம்பித்தது. நம் மகள் திருப்பூரிலிருந்து போன் செய்தாள். "தோட்டத்தக் குத்தகைக்கு வுட்டுட்டு இங்க வந்துடுங்கப்பா. மூட்டையப் புடிக்கக்கூட ஆளில்லாம என்ன பண்ணப் போறீங்க?" எனக்குச் சுள்ளென்று வந்தது. "கேரியர் செஞ்சு ஓட்டிக் காட்டுறேன், ஓட்ட முடியலன்னா வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் நானே அளந்து, அறுத்து, துளை போட்டேன். பத்தவைக்க மட்டும் பெரம்பலூரில் வெல்டிங் கடை பாஸ்கரிடம் போனேன். அவன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தச் சேலை கார்டக் கழட்டிட்டா கேரியர் நல்லா ஒக்காரும். இனிமே அது எதுக்கு?" என்றான். உன் முந்தானை சக்கரத்தில் சிக்காமல் காத்த கம்பி அது. "அது இருக்கட்டும்ப்பா" என்றேன். அவன் கார்டைத் தொடாமலே பத்தவைத்துக் கொடுத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூட்டையையும் கேரியரில் கட்டிக் கிளம்பினேன். வழியில் எசனை வருவதற்குள் வண்டி வலப்பக்கமாகவே இழுத்தது. எதிரே வந்த பஸ்ஸில் மோத இருந்தேன். திருப்பூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே மெல்ல ஓட்டிக்கொண்டு பாஸ்கர் கடைக்குப் போய், "கோணலா பத்தவச்சுட்டியேப்பா!" என்று கத்தினேன்.

பாஸ்கர் கேரியரின் மேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நட்டநடுவில் நின்றது. "ஏறி ஒக்காருங்க" என்றான். பின்னால் போய் நின்று பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "கேரியர் நேராத்தான் இருக்குண்ணே. நீங்கதான் வலது பக்கம் தள்ளி ஒக்காந்திருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். நீ இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு உட்காருவாய். அந்தக் கனத்துக்கு ஈடாக நான் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்தே பழகியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தானா? உனக்கு இது தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் இருந்தாயா?

அங்கிருந்து நேராக உட்கார்ந்து சந்தைக்கு ஓட்டிப்போனேன். வெங்காயம் முழுவதும் விற்றுவிட்டது. நீயும் நானும் டீ குடிக்கும் கடைப்பக்கம் நான் போகவில்லை. எனக்கு நீ வேண்டும் செல்வி, வேறொன்றும் வேண்டாம்.

மகளிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உனக்கும் ஒரு வாக்குத் தருகிறேன். சந்தைக்குப் போகும்போது நேராக உட்கார்ந்துதான் போவேன். லாரியும் பஸ்ஸும் வருகிற ரோடு. திரும்பும்போது கேரியர் காலியாக இருக்கும். அப்போது மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்து, மெதுவாக வருகிறேன்.

வழியெல்லாம் முதுகைக் காட்டியே உன்னோடு பேசிவந்த,
உன் மாமா