ஏலிக்குட்டியின் சறுக்குப் பலகை

குல்மார்க்,
7-1-1973

அன்புள்ள தங்கத்துக்கு,

நலம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது. ராணுவ முகாமில் கதவும் கட்டிலும் செய்வதோடு புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன். பனியில் சறுக்கும் நீளப் பலகைமேல் பூட்ஸைப் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கவ்வி உண்டு, பைண்டிங் என்பார்கள். அதை என் அறையிலேயே வைத்துப் பொருத்துகிறேன். நடுக்கோடு போட்டு, துளை அடிவரை போய்விடாமல் டிரில் ஊசியில் நூல் சுற்றி அளவு வைத்து, பசை விட்டு ஸ்குரூ முடுக்க வேண்டும். முதல் ஜோடி ஆஸ்பத்திரி நர்ஸ் ஏலிக்குட்டியுடையது. கோட்டயத்துப் பெண். பூட்ஸோடு பலகைமேல் நின்றாள். குதிகாலைப் பிடித்துக்கொண்டு அடையாளம் போட்டேன். அவள் சறுக்கிப் போனதை நீ பார்த்திருக்க வேண்டும்.

அன்பு மறவாத,
சவுரியப்பன்

மொரப்பூர்,
22-1-1973

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டிவலி குறையவில்லை. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, மாமா கடுதாசி வந்தா சிரிப்பீங்களே, இன்னிக்கி என்னாங்க்கா?" என்றாள். பல்வலி என்றேன்.

பூட்ஸுக்குத்தானே கவ்வி? வெறும் பூட்ஸை வைத்து அளவெடுத்தால் ஆகாதா? கால் எதற்கு உள்ளே? எனக்குத் தச்சுவேலை தெரியாது, தெரியாமல்தான் கேட்கிறேன். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை.

இப்படிக்கு,
தங்கம்மாள்

குல்மார்க்,
12-3-1973

தங்கம்,

பதில் எழுதக் கை வரவில்லை. வெறும் பூட்ஸே போதும். அன்றைக்கே அது எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் அவளுக்கும் இங்குள்ள டாக்டர் ஒருவருக்கும் நிச்சயமானது. பலகையைக் கொண்டுவந்து வைத்து, "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை அவரோட உச்சியிலேர்ந்து இறங்கணும். கவ்வி கொஞ்சம் ஆடுது" என்றாள். அண்ணா என்று அதுவரை கூப்பிட்டதில்லை. நீள ஸ்குரூவைக் கழற்றிவிட்டுக் குட்டையானதைப் போட்டேன். பசையும் விடவில்லை. அந்த ஆளுக்கு முன்னால் விழுந்து அசிங்கப்படட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அதற்குமேல் நினைக்கவில்லை. பாதிச் சரிவில் முன்கவ்வி பிய்ந்துவிட்டது. கால் இரண்டு இடத்தில் முறிந்துபோனது. பலகை பழசு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்றேன்.

உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? ஈஸ்டருக்கு வருகிறேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது.

சவுரியப்பன்

மொரப்பூர்,
25-3-1973

மாமாவுக்கு,

கால் முறிந்தது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று முழுக்க அப்படித்தான் இருந்தேன். மறுநாள் உலையில் அரிசி போடும்போதுதான் உறைத்தது. நீங்கள் பொறாமையில் வெந்தது அவளுக்காக. கல்யாணமாகி இந்த எட்டு வருடத்தில் எனக்காக ஒரு நாள் வெந்திருப்பீர்களா? அவள்மேல் எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை. ஆனாலும் கட்டிலில் கிடப்பவள் அவள். மன்னிக்க நான் யார்?

அவளிடமும் அந்த டாக்டரிடமும் உள்ளதைச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். சொல்லிவிட்டு ரயில் ஏறினால் ஸ்டேஷனுக்கு நானே வருவேன். சொல்லாமல் வந்தால் அத்தைதான் கதவைத் திறப்பார்கள். நான் கடத்தூரில் அண்ணன் வீட்டில் இருப்பேன்.

தங்கம்மாள்