ஜோடி சேர்ந்த செருப்புகள்

12 ஜூன் 1973, செவ்வாய்

தேனாம்பேட்டை கன்னியம்மாவின் மகள் வள்ளிக்கு இன்று மயிலாப்பூரில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பள்ளியில் சேர்க்கைப் பரிசோதனை. எட்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. அந்தப் பகுதி சமூக சேவகி என்ற முறையில் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்ததும் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.

"நானும் உள்ள வரேம்மா. நா கூட இருந்தாதாம்மா அது எதையும் தொடும்" என்றாள் கன்னியம்மா. எல்லாத் தாய்மாரும் இதைத்தான் சொல்கிறார்கள். உள்ளே விட்டால் குழந்தைக்குப் பதில் அவர்களே பரிசோதனை மரக்கட்டையை எடுத்து அடுக்குவார்கள். வழக்கம்போல வெளியே உட்காரச் சொன்னேன்.

வள்ளி அரை மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. 'பயிற்சிக்குத் தகுதியில்லை' என்று டாக்டர் எழுதும்போதே வெளியே ஓடிவிட்டாள்.

நான் காகிதத்தோடு வந்தபோது, வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளை வள்ளி அம்மா காலடியில் உட்கார்ந்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். இருபது ஜோடி இருக்கும். ஒன்றுகூட மாறவில்லை.

"வூட்லயும் இப்டித்தாம்மா. இன்னா கெடந்தாலும் அடுக்கிக்கினே கீது."

உடனே திரும்பி உள்ளே போயிருக்கலாம். டாக்டர் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். தாயை வெளியே நிறுத்தியது யார் என்று கேட்பார். நான் போகவில்லை.

"இவ்ளோ தூரம் வந்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்" என்று கன்னியம்மா கும்பிட்டாள்.

காலையில் நான் செருப்பைக் கழற்றியதை வள்ளி எப்போது கவனித்தாளோ தெரியாது. அத்தனை ஜோடியிலும் என்னுடையதை மட்டும் எடுத்து, என் கால் நுழைகிற பக்கமாகத் திருப்பி வைத்தாள்.