ஒரே கழகத்துக்காரன்

ஞாயிறு இரவு, ஒடென்சே, டென்மார்க்.

இன்று வரலாற்று முடிவொன்றை எடுத்தேன். இந்த ஊருக்குக் குடிவந்துவிட்டாலும் இங்குள்ள தமிழர் கால்பந்துக் கழகத்தில் சேரமாட்டேன். ஞாயிறுதோறும் முன்பு குடியிருந்த சில்க்போர்க் நகருக்குப் போய் பழைய மூத்தோர் அணிக்கே பின்களத்தில் ஆடுவேன். பதின்வயதில் சேர்ந்த கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் விலகாமல், அங்கேயே நரைத்து ஓய்வுபெற்ற இத்தாலியப் பின்கள வீரர்தான் எனக்கு முன்மாதிரி. மனைவியிடம் அறிவித்தேன்.

"அந்தாள் வீட்டிலயிருந்து நடந்து போயிருக்கும். நீங்கள் கடல் பாலம் தாண்டி அடுத்த கரைக்குப் போறியள்."

"விசுவாசம் எண்டு ஒண்டு இருக்கப்பா."

"ஓம். முதியோர் இல்லத்தில எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. நான் எந்தக் கிளப்?"

சொல்லிக்கொண்டே என் காலுறைகளைச் சோடி சேர்த்து, அடுத்த ஆட்டத்துக்கான பையில் வைத்தாள். அந்தப் பையைத் திறந்து காலுறைகளை வெளியே எடுத்தேன். பிறகு அணித்தலைவருக்குத் தகவல் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு சில்க்போர்க் அணி நான்குக்குப் பதில் மூன்று பின்கள வீரர்களுடன் ஆடும்.