மான் திங்களன்று கல்லூரிக்கு விடுமுறை இல்லை

தம்பி டெல்மருக்கு,

உன் அக்கா வெர்னா எழுதுவது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது: போன வியாழக்கிழமை, கூரை வேய்கிற ஒரு பெரியவரை முப்பது பேர் முன்னால் நிற்கவைத்துத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. எல்லாம் உன்னால் வந்தது.

உன் மகள் ட்ரெஸ்ஸாவை இரண்டு நாள் வரவில்லை என்று கல்லூரியில் மிரட்டுகிறார்களே, பள்ளிப் பிள்ளையிடம் என்ன அதிகாரம் என்று கேட்கப் போனேன். நம் பள்ளிச் சமையலறையிலிருந்து ஏப்ரனோடு எந்த வகுப்புக்குள் வேண்டுமானாலும் நுழைகிறவள் நான். அதே வேகத்தில் அங்கேயும் நுழைந்தேன். முன்வரிசையில் நரைத்த தலையோடு ஒருவர் நின்றார். வாத்தியார் என்று நினைத்துப் பொரிந்து தள்ளினேன். பாவம், அவர் கூரை வேய்கிறவர், ட்ரெஸ்ஸாவோடு சேர்ந்து படிக்கிறார். “அம்மா, நானே இன்னும் பாஸ் பண்ணல”ன்னார். டீச்சர் யாரென்றால், ஓரமாக ஜீன்ஸ் போட்டு நின்ற ஒரு சின்னப் பெண். அவள், “ட்ரெஸ்ஸான்னு ஒருத்தர் இங்க படிக்கிறாங்களான்னுகூட உங்ககிட்ட நான் சொல்லக்கூடாதும்மா, இது ஸ்கூல் இல்ல”ன்னாள். உன் மகள் மூன்றாவது வரிசையில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை வறுத்தெடுத்தாள். அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பள்ளி முடிக்கும் முன்பே சமுதாயக் கல்லூரியில் படிக்கிற இந்த உயிரியல் பாடம் இரண்டு இடத்திலும் கணக்கில் சேரும். நன்றாக முடித்தால் நர்ஸ் படிப்புக்குப் பாதி வழி வந்தமாதிரி. ஆனால் மூன்று நாள் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அந்தக் கறை எங்கே போனாலும் கூடவே வரும்.

அந்த இரண்டு நாளும் உன் கைங்கரியம். செப்டம்பரில் வெளியூர் வேலையிலிருந்து லீவில் வந்து சந்தைத் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போனாய். அக்டோபரில் அவளுக்குப் பல்வலி என்று பள்ளிக்குப் போன் செய்துவிட்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போனாய். பள்ளிக்கூடம் நம்பியது. கல்லூரிக்கு யாருடா போன் செய்தது?

இப்போது மான் வேட்டை தொடங்குகிற அந்த மான் திங்கள் வருகிறது. வாத்தியார்களே காட்டுக்குள் இருப்பார்கள் என்று பள்ளியைப் பூட்டுகிற ஊர் நம்முடையது. கல்லூரியும் பூட்டியிருக்கும் என்று நீ நினைத்தாய், நானும்தான் நினைத்தேன். திறந்திருக்கிறதாம். அன்றைக்குச் செய்முறைத் தேர்வு, ஆட்டு இதயத்தை அறுத்துக் காட்ட வேண்டும். இன்னொரு நாள் தரமாட்டார்கள்.

“ஸ்கூலே முடிக்கல, அதுக்குள்ள என்ன காலேஜு? யாருக்குப் பவுசு காட்ட?”ன்னு போனில் கத்தினாய். நான் ஒன்பதோடு நின்றேன், நீ பத்தோடு நின்றாய். அந்த ஒரு வகுப்பை வைத்து முப்பது வருஷமாக என்னைக் குத்திக்காட்டுகிறவன் பவுசைப் பற்றிப் பேசாதே. குளிரில் உன் வாயாவது உறைந்து தொலைக்கட்டும்.

அவளிடமே கேட்டேன், திங்கட்கிழமை என்னடி செய்யப்போகிறாய் என்று. “அப்பா கூப்பிட்டா போயிடுவேன் அத்தை. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் அவரு என்கூட உக்காந்து பேசுறாரு”ன்னாள். அவள் அம்மா உங்களை விட்டுப் போன வருஷத்திலிருந்து, மான் திங்களன்று காட்டுக்குள் மானுக்காகக் காத்திருக்கிற அந்த மரக்கொட்டகையில் நீங்கள் இருவரும் சூப்பு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே, அதைச் சொல்கிறாள்.

இன்னொன்றும் சொன்னாள். தவளையை அறுக்கும்போது அந்தச் சின்னப் பெண் டீச்சர், “கத்தி பிடிக்க எங்க கத்துக்கிட்டே?”ன்னு கேட்டாளாம். “எங்கப்பாகிட்ட”ன்னு சொன்னாளாம்.

ஆகையால் டெல்மர், அவளைக் கூப்பிடாதே. கோபம் வந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டு. ஞாயிறு இரவு வந்துவிடு. திங்கள் காலையில் நீயே அவளைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, வெளியே வரும்வரை வண்டியில் உட்கார்ந்திரு. சூப்பை நான் போட்டுத் தருகிறேன். வண்டிக்குள்ளும் பேசலாம். அவள் எப்படியும் ஒரு நாள் இந்த ஊரைவிட்டுப் போகப்போகிறவள்தான். நம்மோடு சண்டை போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

வழுக்காமல் ஓட்டி வா.

உன் அக்கா,
வெர்னா

பின்குறிப்பு: மனித வாடை போகட்டும் என்று மூன்று வாரம் வெளியே தொங்கவிடச் சொன்ன உன் வேட்டைக் கோட்டு சலவை இயந்திரத்துக்குள் விழுந்துவிட்டது. லாவெண்டர் சோப்பும் விழுந்துவிட்டது. மான்களுக்கு இப்போது நீ அடுத்த மாவட்டத்திலிருந்தே மணப்பாய். கோட்டு சுத்தமாக இருக்கிறது.